முப்பது வருஷத்துச் செட்டும் அதன் சாவியும்

மேஜைமேல் ஒரு மோட்டரோலா ஜி.எம்.300 இருக்கிறது. காரிலோ ஜீப்பிலோ டாஷ்போர்டுக்குக் கீழே முடுக்கிவைக்கும் வகை வயர்லெஸ் செட். கையில் எடுத்தால் கனம் தெரியும். உடம்பு அலுமினிய வார்ப்பு, பின்புறம் சூட்டை வெளியேற்றும் துடுப்புகள். மைக் செருகும் துளையிலிருந்து ஓர் ஒயர் சிறிய கறுப்புப் பெட்டி ஒன்றுக்குப் போகிறது. அங்கிருந்து இன்னோர் ஒயர், இருபத்தைந்து வயது தாண்டிய லேப்டாப்பின் ஒன்பது ஊசி சீரியல் போர்ட்டுக்கு. திரையில் ஓடுவது டாஸ் காலத்து மென்பொருள். மவுஸுக்கு அங்கே வேலை இல்லை. எஃப்1 முதல் எஃப்10 வரையிலான விசைகள்தான் எல்லாம். செட்டைப் படிக்கச் சொல்லி ஒரு விசையைத் தட்டினால், உள்ளே இருப்பது பைட் பைட்டாக மேலே வருகிறது. முதல் சானல், இரண்டாம் சானல், கேட்கும் அலைவரிசை, பேசும் அலைவரிசை, செட்டின் காதைத் திறக்கும் அடையாள டோன். யாரோ, எங்கேயோ, நாள் முழுக்கப் பேசித் தேய்த்த சானல்கள்.

படிக்கிற வரைக்கும் பயமில்லை. மாற்றிய சானல்களைத் திரும்பச் செட்டுக்குள் எழுதும்போதுதான் மூச்சு நிற்கும். அந்தச் சில நொடிகளில் ஒயர் அசைந்தால், லேப்டாப் தடுமாறினால், ஓடிக்கொண்டிருந்த ஒரு செட் வெறும் அலுமினியக் கட்டியாகிவிடும்.

பத்து வருஷத்துக்கு மேலாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். பழைய வயர்லெஸ் செட்களைப் பழைய மென்பொருளைக்கொண்டு உயிர்ப்பிப்பது செய்யத் தகுந்த வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இன்று பலர் அதைச் செய்யும் விதம், அதாவது புதுக் கணினிக்குப் பழைய வேஷம் போட்டு அதன் வழியே செட்டுக்குள் எழுதுவது, சரியில்லை என்று நினைக்கிறேன். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு: இந்தச் செட்களின் உள்ளே தகவல் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தயாரித்தவர்கள் வெளியே சொல்லவே இல்லை. இரண்டையும் எடைபோட்டுப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், ஏன் இந்தச் செட்கள்? 50 டாலருக்கும் குறைவாக ஒரு சீன வாக்கி டாக்கி புதிதாகவே கிடைக்கும்போது எதற்கு இந்தப் பாடு? காரணம், ரிசீவர். பாவோஃபெங் யூ.வி.5ஆர் போன்ற மலிவான கைச்செட்டில் கிட்டத்தட்ட முழு ரேடியோவும் ஒரே சிப்புக்குள் அடங்கிவிடுகிறது. அது பெரிய சாதனைதான். ஆனால் நகரத்து மொட்டை மாடியிலோ, நாலைந்து டவர்கள் நிற்கும் மலை உச்சியிலோ அதைக் கொண்டுபோய் வையுங்கள். பக்கத்து அலைவரிசைகளில் பாயும் பலத்த சமிக்ஞைகள் அதன் காதை அடைத்துவிடும். தூரத்திலிருந்து வரும் மெல்லிய குரல் கேட்காது. ஜி.எம்.300, மேக்ஸ்டிராக் போன்ற வணிகச் செட்கள் அப்படிப்பட்ட இடங்களில் வருஷக்கணக்கில் வேலை செய்வதற்காகவே கட்டப்பட்டவை. ரிசீவரின் வாசலிலேயே வடிகட்டிகள் உண்டு. ஜி.எம்.300-ன் பின்புறம் 16 ஊசிகள் கொண்ட ஓர் இணைப்பு உண்டு. இரண்டு செட்களை அதன் வழியே கட்டிப்போட்டால் ஒன்று கேட்க, மற்றொன்று திருப்பிச் சொல்ல, ரிப்பீட்டர் தயார். ஒரு கேபினெட்டுக்குள் இரண்டு ஜி.எம்.300-ஐ வைத்து ஜி.ஆர்.300 என்ற பெயரில் மோட்டரோலாவே அப்படி விற்றது.

இன்னொரு காரணம், இவை திடீரென்று மலிந்து கிடைத்தது. அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., வணிக மற்றும் பொதுப் பாதுகாப்பு வயர்லெஸ்காரர்கள் 2013 ஜனவரி 1-க்குள் 25 கிலோஹெர்ட்ஸ் அகலச் சானல்களை விட்டு 12.5 கிலோஹெர்ட்ஸுக்கு மாறியாக வேண்டும் என்று கட்டளையிட்டது. ஒரே பட்டையில் இரு மடங்கு ஆட்களுக்கு இடம் கிடைக்கும் என்பது கணக்கு. குறுகிய சானலில் பேசத் தெரியாத செட்கள் தீயணைப்பு நிலையங்களிலிருந்தும் பள்ளிப் பேருந்துகளிலிருந்தும் டாக்ஸிகளிலிருந்தும் கழற்றப்பட்டன. அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு, அதாவது ஹாம்களுக்கு, அந்தக் கட்டளை பொருந்தாது. ஆகவே அவர்களுக்கு வேண்டாதது இவர்களுக்கு வேண்டியதாயிற்று. பழுதில்லாத, பழுதாகும் எண்ணமும் இல்லாத செட்கள் ஹாம்களின் கைக்கு வந்தன. செட் வந்தது, அதற்குள் சானல் ஏற்றும் வழி கூடவே வரவில்லை.

ஒரு காலத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. அறுபதுகள், எழுபதுகளின் செட்டில் ஒவ்வொரு சானலுக்கும் ஒரு குவார்ட்ஸ் கிறிஸ்டல். அலைவரிசை மாற வேண்டுமா, அந்த எண்ணுக்குக் கிறிஸ்டல் வெட்டித்தரச் சொல்லி, வந்ததும் சாக்கெட்டில் செருகி, திருகியால் டியூன் செய்ய வேண்டும். காசும் காத்திருப்பும் அதிகம்தான். ஆனால் சாவி கையில் இருந்தது. கிறிஸ்டலைப் பார்த்தால் அதன் மேலேயே எண் எழுதியிருக்கும். பிறகு, சானல்களை ஒரு மெமரி சிப்பில் எரித்துச் செருகும் கட்டம் வந்தது. அந்தச் செருகியிலிருந்து வந்த பெயர்தான் ‘கோட்பிளக்’. இன்று செருகுவதற்கு எதுவும் இல்லாவிட்டாலும், செட்டுக்குள் இருக்கும் தகவல் தொகுப்புக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எண்பதுகளில் அழித்து எழுதக்கூடிய ஈ-ஈ-புரோம் சிப்கள் செட்டுக்குள் வந்தன. கணினியிலிருந்து ஒயர் வழியாகவே சானலை மாற்றலாம். மோட்டரோலா தன் டாஸ் நிரல்களுக்கு ரேடியோ சர்வீஸ் சாஃப்ட்வேர் என்று பெயரிட்டது. வட்டாரத்தில் சுருக்கமாக ஆர்.எஸ்.எஸ். ஒரு ரகத்துக்கு ஒரு ஆர்.எஸ்.எஸ்., ஃபிளாப்பியில். திருகி போய் மென்பொருள் வந்தது. வசதி கூடியது, சாவி கைமாறியது.

கோட்பிளக்கைச் சானல் பட்டியல் என்று மட்டும் நினைப்பவர்கள் அடிபடுகிறார்கள். அந்தச் செட்டுக்கே உரிய அளவீடுகளும் அதில்தான் இருக்கின்றன. தொழிற்சாலையில் ஒவ்வொரு செட்டையும் மேஜையில் வைத்து, இதன் அடிப்படை ஆஸிலேட்டர் இத்தனை தள்ளி நிற்கிறது, குரலுக்கு அலைவரிசை இத்தனை அசைந்தால் (டீவியேஷன்) சரி, வெளியேறும் வாட் இவ்வளவு என்று அளந்து எழுதியிருப்பார்கள். ஒரே பெட்டியில் வந்த இரண்டு செட்களில்கூட இந்த எண்கள் ஒன்றாக இருக்காது. ஆகவே ஒரு செட்டின் கோட்பிளக்கை அப்படியே இன்னொன்றில் கொட்டினால் சானல் சரியாக இருக்கும், குரல் சரியாக இருக்காது. பக்கத்துச் சானலில் போய்க் கொட்டும் செட்டை இப்படித்தான் உண்டாக்குகிறார்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆரம்ப நாட்களில், நண்பர் ஒருவர் கொடுத்த யு.எச்.எஃப். செட் ஒன்றை, அப்போது என்னிடமிருந்த புதிய லேப்டாப்பில் யூ.எஸ்.பி. அடாப்டர் மாட்டி எழுதப் போனேன். படிக்க வந்தது. அந்தத் தைரியத்தில், படித்ததைச் சேமிக்காமலே எழுதச் சொன்னேன். பாதியில் திரை உறைந்தது. செட்டை அணைத்துப் போட்டால் ஒரே சுருதியில் கத்தியது, அவ்வளவுதான். செட்களை அளக்கும் சர்வீஸ் மானிட்டர் கருவி வைத்திருந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து, ஆஸிலேட்டர், பவர், டீவியேஷன் என்று ஒவ்வொன்றாக மீட்டு அளந்து எழுதினார். காசு வாங்கவில்லை. “முதல்ல படி, சேமி, அப்புறம் தொடு” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து என் கை அந்த வரிசையை மீறியதில்லை.

அன்று எழுதுவது ஏன் பாதியில் நின்றது? இந்தப் பழக்கத்தின் பலவீனம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருப்பதால், விடையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செட்டும் கணினியும் நொடிக்கு 9600 பிட் வேகத்தில் பேசிக்கொள்கின்றன. ஒரு பிட்டுக்கு 104 மைக்ரோ நொடி. தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்து ஒரு பைட்டுக்குப் பத்து பிட். ஆக, ஒரு பைட்டுக்கு ஒரு மில்லி நொடிக்குச் சற்று மேல். கணினியின் சீரியல் போர்ட் கூட்டலும் கழித்தலுமாக 12 வோல்ட் அளவில் ஆடும். செட்டுக்குள் ஐந்து வோல்ட்தான். இடையில் நிற்கும் சிறு பெட்டி, ரேடியோ இன்டர்ஃபேஸ் பாக்ஸ், சுருக்கமாக ரிப், இந்த இரண்டுக்கும் துபாஷி. இன்னொரு வேலையும் அது செய்கிறது. செட் பக்கம் போவதும் வருவதும் ஒரே ஒயர். ஆகவே கணினி சொல்வது கணினிக்கே எதிரொலியாகத் திரும்பி வரும். மென்பொருள் ஒரு பைட்டைச் சொல்லும், தன் குரல் திரும்பக் கேட்கிறதா என்று பார்க்கும், பிறகு செட்டின் பதிலுக்குக் காத்திருக்கும்.

எவ்வளவு நேரம் காத்திருக்கும்? அங்கேதான் முள். அந்தக் காலத்து டாஸ் நிரல்களில் பலவும் நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடவில்லை. இத்தனை ஆயிரம் வரை எண்ணு, எண்ணி முடித்தால் நேரம் ஆகிவிட்டது என்று பொருள். 386 கணினியில் அப்படி எண்ண ஆகும் நேரம் எழுதியவருக்குத் தெரியும். அதைவிட நூறு மடங்கு வேகமாக எண்ணும் கணினியில், செட் வாய் திறப்பதற்குள் எண்ணிக்கை முடிந்துவிடும். பதில் வரவில்லை என்று மென்பொருள் கைவிட்டுவிடும். செட் பதில் சொல்லத்தான் போகிறது. கேட்க அங்கே ஆள் இல்லை. அதே தலைமுறையின் டர்போ பாஸ்கல் நிரல்கள் வேகமான பென்டியத்தில் ‘ரன்டைம் எரர் 200’ என்று விழுந்ததும் இதே குடும்பத்து நோய்தான்: வேகத்தை அளக்கும் கணக்கு, கணினியின் வேகம் தாங்காமல் உடைந்தது.

இன்னொன்று, இந்த நிரல்கள் இயங்குதளத்திடம் அனுமதி கேட்பதில்லை. சீரியல் போர்ட்டின் சிப்பையே நேராகத் தொடும். தனி டாஸில் அதற்குத் தடையில்லை. விண்டோஸ் எக்ஸ்.பி. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு போலிப் போர்ட்டைக் காட்டியது; அதில் சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. 64 பிட் விண்டோஸில் டாஸ் நிரல் தொடங்கவே தொடங்காது. அது மைக்ரோசாஃப்டின் முடிவு மட்டும் இல்லை. 64 பிட் நிலையில் இயங்கும்போது பழைய 8086 போல நடந்துகொள்ளும் வசதியைப் பிராசஸரே கைவிட்டுவிடுகிறது. விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பு என்பதே இல்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது.

போதாதற்கு யூ.எஸ்.பி. இன்றைய லேப்டாப்பில் ஒன்பது ஊசி போர்ட் கிடையாது, அடாப்டர்தான் கதி. பரவலாகப் புழங்கும் எஃப்.டி.டி.ஐ. சிப்பின் டிரைவர், வந்த பைட்டுகளைச் சேர்த்துவைத்து ஒரேயடியாகக் கணினிக்குக் கொடுக்கும். அமைப்பை மாற்றாவிட்டால் அதற்கு எடுத்துக்கொள்ளும் அவகாசம் 16 மில்லி நொடி வரை. 9600 வேகத்தில் அது ஏறத்தாழ 15 பைட்டின் நேரம். ஒவ்வொரு பைட்டுக்கும் எதிரொலி பார்க்கும் நிரலுக்கு இது, ஒவ்வொரு வார்த்தைக்குப் பிறகும் நீண்ட மௌனத்தோடு பேசுகிறவரிடம் அகப்பட்டதுபோல. என் செட் பாதியில் நின்றது இங்கேதான்.

அடாப்டர் உலகில் இன்னொரு தொல்லையும் உண்டு. 2014-ல் எஃப்.டி.டி.ஐ. வெளியிட்ட விண்டோஸ் டிரைவர், போலிச் சிப்களைக் கண்டால் அவற்றின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கிச் செயலிழக்கவைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அது திரும்பப் பெறப்பட்டது. புரொலிஃபிக் நிறுவனத்தின் புதிய டிரைவர்களோ பழைய பி.எல்.2303 ரகங்களை ஏற்க மறுக்கின்றன. நிறுவனங்கள் போலிகளை எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடையில் அடாப்டர் வாங்கியவருக்கு உள்ளே இருக்கும் சிப் அசலா போலியா என்று பார்க்க வழியில்லை. செட்டுக்குள் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் தண்டனை அவருக்குத்தான்.

இதற்கெல்லாம் மாற்றாக மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றும் ஒரே தரமல்ல.

முதலாவது, மெய்நிகர் வழி. டாஸ்பாக்ஸ் போன்ற நிரலுக்குள் பழைய டாஸை ஓடவிடுவது. அதில் வேகத்தைக் குறைத்து 386 போல் நடக்கவைக்கலாம். உண்மையான சீரியல் போர்ட்டோடும் இணைக்கலாம். பலருக்கு ஓடியிருக்கிறது, எனக்கும் ஓடியிருக்கிறது. ஆனால் டாஸ்பாக்ஸ் அடிப்படையில் பழைய விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. விளையாட்டில் ஒரு நொடி தடுமாறினால் பாட்டு இழுக்கும், அவ்வளவுதான். இங்கே தடுமாறினால் அளவீடு போய்விடும். அதற்குக் கீழே விண்டோஸ் தன் பாட்டுக்கு அப்டேட் தேடும், வைரஸ் சோதிக்கும். ஒரு கணம் பிராசஸரை அங்கே திருப்பும். ‘என் கணினியில் ஓடுகிறது’ என்று ஒருவர் சொல்வது அவருடைய கணினி, அடாப்டர், டிரைவர், அன்றைய நேரம் எல்லாம் சேர்ந்த சாட்சியம். இன்னொருவருக்கு அது உத்தரவாதம் ஆகாது. கோட்பிளக் கோப்புகளைத் திறந்து பார்க்க, திருத்த, அச்செடுக்க இதைவிடச் சௌகரியம் இல்லை. செட்டுக்குள் எழுத நான் இதை நம்பமாட்டேன். வேகமான கணினியை மெதுவாக்கும் மோஸ்லோ போன்ற சிறு நிரல்களும் இப்படித்தான். அவை கணினியை நிறுத்தி நிறுத்தி ஓடவிடுகின்றன. சராசரி வேகம் குறையும். ஓடுகிற அந்தத் துண்டுகளில் பழைய அவசரம் அப்படியே இருக்கும்.

இரண்டாவது, நிஜமான பழைய கணினி. தொண்ணூறுகளின் திங்க்பேட் போல, ஒன்பது ஊசி போர்ட் உள்ள ஒரு லேப்டாப். அதில் விண்டோஸ் இல்லாமல் தனி டாஸ். ஜிம் ஹால் 1994-ல் தொடங்கிவைத்த ஃப்ரீடாஸ் இன்றும் பராமரிக்கப்படுகிறது, சட்டச் சிக்கலும் இல்லை. நிரல் நினைக்கிற கணினியே அங்கே இருக்கிறது, நினைக்கிற போர்ட் இருக்கிறது, குறுக்கே பேச ஆள் இல்லை. என் மேஜைமேல் இருப்பது இதுதான். எழுதுவதற்கு இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியாது.

ஆனால் இதன் ஆயுள் நம் கையில் இல்லை. ஹார்ட் டிஸ்க் போனபோது, அதன் இடத்தில் கேமராவில் போடும் காம்பேக்ட் ஃபிளாஷ் அட்டையை ஒரு சின்ன அடாப்டரோடு மாட்டினேன். அந்த அட்டை பழைய ஹார்ட் டிஸ்க்கின் மொழியையே பேசுவதால் லேப்டாப்புக்கு வித்தியாசம் தெரியவில்லை. உள் பேட்டரி செத்துத் தேதி மறந்தது, மாற்றியாயிற்று. திரைக்குப் பின்னுள்ள விளக்கு மங்கிக்கொண்டு வருகிறது. அதற்கு வழி தெரியவில்லை. போர்டில் உள்ள கெப்பாசிட்டர்கள் ஒருநாள் கசியும். கொஞ்சம் புதிய கணினியில் ஃப்ரீடாஸ் போடலாம் என்றால், பழைய பயாஸ் இல்லாமல் யூ.இ.எஃப்.ஐ. மட்டும் கொண்டுவரும் இன்றைய இயந்திரங்களில் அது எழும்பவே எழும்பாது. ஆக, இந்த வழி சரியானது, ஆனால் குறைந்துகொண்டே வரும் ஒரு சொத்தைச் சார்ந்தது.

மூன்றாவது வழியில்தான் எனக்கு நம்பிக்கை: செட்டின் மொழியைக் கற்று, இன்றைய கணினிக்கு ஒரு மென்பொருளைப் புதிதாக எழுதுவது. டான் ஸ்மித் என்ற அமெரிக்க ஹாம், கே.கே.7.டி.எஸ். என்ற அழைப்புக்குறி உடையவர், தொடங்கிய சர்ப் என்ற மென்பொருள் இதற்கு நல்ல சாட்சி. பைத்தானில் எழுதப்பட்டது, இலவசம், மூல நிரல் திறந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முதலில் செட்டைப் படித்துக் கைக்கொள், அந்தப் படிமத்தையே திருத்து, அதையே திரும்ப ஏற்று என்பது அதன் அடிப்படை நடைமுறை. பெரியவர் எனக்குச் சொன்ன வரிசையை நிரலே கட்டாயமாக்கிவிட்டது. வெவ்வேறு கம்பெனிகளின் நூற்றுக்கணக்கான மாடல்களுக்கு ஒரே அட்டவணை, ஒரே திரை. பாவோஃபெங் செட் வைத்திருப்பவர்களுக்கு இது இல்லாத உலகம் இப்போது நினைவிலேயே இருக்காது. கென்வுட்டின் டி.கே. வரிசை வணிகச் செட்கள் சிலவற்றையும் அது பேசவைத்திருக்கிறது.

இந்த வழியின் குறை அதன் பிறப்பிலேயே இருக்கிறது. தயாரித்தவர் சொல்லாத ஒன்றை வெளியிலிருந்து ஊகிக்க வேண்டும். ஒரு சானலை மட்டும் மாற்றி எழுது, முன்னும் பின்னும் ஒப்பிடு, எந்த பைட் மாறியது பார்; அடுத்து டோனை மாற்று, மறுபடி பார். மாதக்கணக்கான வேலை. அந்த மாடலை வைத்திருக்கும், நிரலும் எழுதத் தெரிந்த, பொறுமையும் உள்ள ஒருவர் எங்காவது இருந்தால்தான் நடக்கும். லட்சக்கணக்கில் விற்ற புதுச் செட்டுக்கு அப்படி ஒருவர் கிடைத்துவிடுகிறார். முப்பது வருஷத்துக்கு முந்தைய டாக்ஸி செட்டுக்குக் கிடைப்பது அரிது. ஊகத்தில் ஒரு பைட் பிசகினால், இங்கேயும் பலியாவது யாருடைய செட்டோதான். இவ்வளவு இருந்தும் இதையே முதலிடத்தில் வைக்கிறேன். காரணம், ஒருவர் ஊகித்தது எல்லாருக்கும் எழுத்தில் கிடைக்கிறது. தவறு கண்டுபிடிக்கப்பட்டால் திருத்தப்படுகிறது. என் லேப்டாப்பின் விளக்கு அணைந்தால் அந்த அறிவு அணையாது.

சட்டத்தின் பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். ஆர்.எஸ்.எஸ். நிரல்களுக்குப் பதிப்புரிமை உண்டு. உரிமக் கட்டணம் வாங்கி விற்கப்பட்டவை. ஒரு பொருளை விற்பதை நிறுத்தியதால் அதன் பதிப்புரிமை தீர்ந்துபோவதில்லை. அமெரிக்காவில் 2018-ல் நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் பழைய மென்பொருளைப் பாதுகாக்கப் பூட்டை உடைக்கலாம் என்று விலக்கு அளிக்கப்பட்டது. வீட்டில் ஒரு செட்டை வைத்திருக்கும் தனியாளுக்கு அது கைகொடுக்காது. ஆகவே பலர் எங்கிருந்தோ ஒரு பிரதியை எடுக்கிறார்கள். அந்தப் பிரதியில் என்ன திருத்தப்பட்டிருக்கிறது, எந்த எல்லைச் சோதனை அகற்றப்பட்டிருக்கிறது, கூட என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்பது யாருக்கும் தெரியாது. இதை நான் நியாயப்படுத்த விரும்பவில்லை. ஆனால் தன் செட்டைத் தானே பயன்படுத்த நேர்வழி ஒன்றும் விட்டுவைக்காத ஏற்பாடு நியாயமானது என்றும் சொல்ல முடியவில்லை.

கம்பெனிகளின் தரப்பில் ஒரு வாதம் உண்டு. அது வலுவான வாதம். இந்தச் செட்கள் போலீஸ் சானலிலும் ஆம்புலன்ஸ் சானலிலும் பேசக்கூடியவை. சாவியை எல்லாரிடமும் கொடுத்தால், விளையாட்டாகவோ விஷமமாகவோ ஒருவர் அங்கே நுழையலாம். இது கற்பனைப் பயம் இல்லை. கைமாறி வரும் செட்களைப் படித்துப் பார்த்தால் முன்னாள் சொந்தக்காரரின் சானல்கள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. தெரியாமல் மைக்கின் விசையை அழுத்தினால் எங்கோ ஒரு நிலையத்தில் குரல் கேட்கும். செட் கைக்கு வந்ததும், ஆன்டெனாவை மாட்டும் முன்பே, பேசும் அலைவரிசைகளை நான் காலியாக்கிவிடுவதற்கு இதுதான் காரணம். இந்தியாவில் விஷயம் இன்னும் கண்டிப்பானது: 1933-ன் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமம் இல்லாமல் கருவியை வைத்திருப்பதையே தடைசெய்தது. ஹாம் உரிமம் இருந்தாலும் அதன் பட்டைக்குள்தான் பேசலாம். இரண்டு மீட்டர் பட்டை நமக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை, அமெரிக்கருக்கு 148 வரை. ஜி.எம்.300-ல் 136-ல் தொடங்கும் ரகமும் உண்டு, 146-ல் தொடங்கும் ரகமும் உண்டு. இரண்டாவதை இங்கே வாங்கிவைத்துக்கொண்டு மென்பொருளின் எல்லையை எப்படித் தாண்டுவது என்று தேடுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்தச் செட்டின் சுற்றுகள் 146-க்குக் கீழே வேலை செய்வதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. எண்ணை ஏமாற்றி எழுதிவிட்டால் ரிசீவரின் வடிகட்டி இறங்கிவந்துவிடாது.

ஆனால் ரகசியம் இந்த அபாயத்தைத் தடுத்ததா? தடுக்கவில்லை. சாதாரணச் சானல்களில் பேச இன்று ஆர்.எஸ்.எஸ். தேவையே இல்லை, மலிவான கைச்செட்கள் பலவற்றில் விசைப்பலகையில் எண்ணைத் தட்டினால் போதும். தவறு செய்ய நினைப்பவனுக்கு வழி திறந்தே இருக்கிறது. மூடியிருப்பது, இருபது ஜி.எம்.300-ஐ வெள்ளக் கால ரிப்பீட்டருக்காகப் பராமரிக்கும் சங்கத்துக்கும், ஒரே ஒரு செட்டின் அளவீட்டைக் காப்பாற்றப் பார்க்கும் பழுது நீக்குபவருக்கும்தான். பாதுகாப்புக்குத் தேவையான பூட்டு, மறையாக்கச் சாவிகளிலும் அமைப்புக்குள் நுழையும் அடையாள எண்களிலும் இருக்கட்டும். சானல் மூன்றின் டோன் எந்த பைட்டில் இருக்கிறது என்பது, விற்பனை நின்று பல வருஷங்கள் ஆன பிறகு, யாருடைய ரகசியமும் இல்லை. ஒரு மாடலை ஆதரிப்பதை நிறுத்தும் நாளில் அதன் கோட்பிளக் அமைப்பை நாலைந்து பக்கங்களில் வெளியிடலாம். நிரலைக் கொடுக்க வேண்டாம், மூல நிரலும் வேண்டாம். அந்தப் பக்கங்கள் போதும். மற்றதைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள்.

அடுத்த தலைமுறையை நினைத்தால் இது இன்னும் அவசரமாகிறது. ஃபிளாப்பியில் வந்த நிரல், பழைய கணினி ஒன்று கிடைத்தால் ஓடும். இன்றைய மென்பொருள்களில் பலவும் இணையக் கணக்கு வழியாக உரிமத்தைச் சரிபார்த்துத்தான் திறக்கின்றன. அந்தச் சர்வர் நின்ற நாளில், எத்தனை பழைய லேப்டாப்களை அடுக்கிவைத்திருந்தாலும் பயன் இல்லை. 1990-ல் வாங்கிய செட்டை நாம் இன்று படிக்கிறோம். இன்று வாங்கும் செட்டை முப்பது வருஷம் கழித்து ஒருவர் படிப்பாரா என்பது, அந்தச் செட் எவ்வளவு உறுதியானது என்பதைப் பொறுத்ததாக இருக்காது.

மேஜைமேல் உள்ள ஜி.எம்.300-க்குத் திரும்புகிறேன். படித்தாயிற்று. கோட்பிளக்கைச் செட்டின் வரிசை எண்ணையே பெயராக வைத்து மூன்று இடங்களில் சேமித்தேன்: லேப்டாப்பின் அட்டையில், வேறொரு கணினியில், ஒரு யூ.எஸ்.பி. டிரைவில். அளவீட்டுத் திரைகளில் உள்ள எண்களைத் தனியே ஒரு தாளில் கையால் எழுதினேன். பேனா எழுத்துக்கு எந்த இயங்குதளமும் வேண்டாம். பழைய சானல்களை நீக்கி, நம் ரிப்பீட்டரின் இரண்டு அலைவரிசைகளையும் டோனையும் இட்டேன். லேப்டாப் சார்ஜரின் பிளக் இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். எழுதும் விசையைத் தட்டினேன். திரையில் எண் ஏறியது, நூறைத் தொட்டது. செட் ஒருமுறை அணைந்து எழுந்தது. ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல், அதைப் பிளந்துகொண்டு ரிப்பீட்டரில் யாரோ யாருக்கோ காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். தாளை மடித்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, செட்டின் மேல்மூடிக்குள் ஒட்டி, நாலு திருகாணிகளையும் முடுக்கினேன்.